வலிப்புக் குளிசை வந்த வழி

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைக்க வந்த பெற்றார் ஒருவர், எழும்பிப் போகும் நேரம் மெல்லக் கேட்டார். "சேர், வலிப்புக் குளிசை குடிச்சா மூளை மந்தமாகிடும் எண்டு சொல்லுகினம். ஆறு மாசமா ஒண்டும் வரேல்ல. நிப்பாட்டலாம் எண்டு யோசிக்கிறம்." மந்திகை கிளினிக்கில் கேட்காமல் ஒருநாளும் நிற்பாட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான் வைத்தியர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் "மந்தமாகிடும்" என்ற அந்தப் பயத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அது வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

வலிப்பு மனிதருக்குப் புதிய நோய் அல்ல. நடராசரின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் உருவத்தைக் கோயிலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேத நூல்களில் வலிப்புக்கு வழங்கும் பெயரும் அபஸ்மாரம்தான். முயலகன் என்ற நோயால் உணர்விழந்து கிடந்த கொல்லி மழவனின் மகளைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிக் குணப்படுத்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இது நடந்த இடம் திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமம். என்னுடைய மாணவர்கள் சைவசமய பாடத்தில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லித்தந்த கதை இது. கிரேக்கர்கள் வலிப்பைப் "புனித நோய்" என்றார்கள். இதில் மற்ற நோய்களை விடப் புனிதம் ஒன்றுமில்லை, இது மூளையில் இருந்து வருவது என்று ஹிப்போகிராட்டஸின் பெயரில் வழங்கும் நூல் ஒன்று ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடியது. அரபியில் இதற்கு ஸரஃ என்று பெயர். 1037 இல் காலமான இப்னு சீனா தன் அல்-கானூன் நூலில் இதை மூளையின் நோய்களோடு சேர்த்தே எழுதினார்.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு ஹதீஸ் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வலிப்பு வரும் பெண் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்கிறார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் சொல்ல, அவர் பொறுமையைத் தேர்ந்துகொள்கிறார். ஆனால் வலிப்பு வரும்போது என் உடை விலகிவிடுகிறது, அது விலகாமல் இருக்கத் துஆச் செய்யுங்கள் என்று கேட்கிறார். நபியவர்களும் செய்கிறார்கள். இதை நான் வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது அந்த உடையைப் பற்றிய கவலையில்தான். 1,400 ஆண்டுகள் கழிந்தும் வலிப்புள்ள எங்கள் பெண்பிள்ளைகளின் முதல் கவலை, விழுந்தால் எப்படிக் கிடப்பேன், யார் பார்ப்பார்கள் என்பதே. இதே ஹதீஸைக் காட்டி மருந்து தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, தேடிக்கொள்ளுங்கள் என்று சொன்னவரும் அதே நபிதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி மருந்துக்கு வருவோம். ஆண்டு 1857.

அந்த நேரம் எங்கள் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்தார். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் வைத்தியர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைப் படிப்பித்தவர். பின்னாளில் அதைத் தமிழிலேயே படிப்பித்து, உடற்கூறு, மகப்பேறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கி அச்சிடுவித்தவர். 1872 இல் வந்த "வைத்தியாகரம்" அவற்றில் ஒன்று. 1884 இல் அமெரிக்காவில் இறந்தபோது, தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. அதே 1857 மே மாதம் 11 ஆம் திகதி, லண்டனில் வைத்தியர்களின் கூட்டம் ஒன்றில் வலிப்பு மருந்தின் வரலாறு தொடங்கியது.

தொடங்கிய விதம் வேடிக்கையானது. சார்ள்ஸ் லொகொக் என்பவர் விக்டோரியா மகாராணியின் பிரசவ வைத்தியர். மாதவிடாயோடு சேர்ந்து வலிப்பு வரும் பெண்கள் பதினான்கு பதினைந்து பேருக்குப் பொற்றாசியம் புரோமைட் கொடுத்ததாகவும், ஒருவருக்கு மட்டுமே பலிக்கவில்லை என்றும் அந்தக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். ஏன் புரோமைட்? பாலுணர்ச்சி மிகுவதால்தான் இப்படியான வலிப்பு வருகிறது என்பது அக்கால வைத்தியர்களின் நம்பிக்கை. புரோமைட் அந்த உணர்ச்சியைக் குறைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. காரணம் முழுப் பிழை, மருந்து சரி! அதுவரை உலகில் ஆயிரம் வைத்தியம் இருந்தது. இரத்தம் வடித்தார்கள், மண்டையோட்டில் துளை போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். உண்மையில் வேலை செய்த முதல் மருந்து இதுதான்.

புரோமைட்டின் தாய் புரோமின். 1826 இல் பிரான்சின் மொன்பெலியேயில் பலார் என்ற இளைஞர், உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் அதைக் கண்டுபிடித்தார். ஆனையிறவு உப்பளத்தில் உப்பை வாரிய பின் பாத்தியில் நிற்குமே, அதே போன்ற தண்ணீர்.

புரோமைட் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் வலிப்பு மருந்தாக இருந்தது. அது உடலை விட்டு இலேசில் போகாது. நாளாக ஆகச் சேரும். முகத்திலும் உடம்பிலும் பரு வரும், நாள் முழுக்கத் தூக்கம், ஞாபகமறதி, பேச்சுக் குழறல். வலிப்பு நின்றது, ஆள் மந்தமானார். "குளிசை குடித்தால் மூளை மந்தம்" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அன்றைக்கு அது பொய்யல்ல.

1873 இல் லண்டன் வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு என்பது மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று அளவுக்கு மீறிப் பாயும் ஒரு வெளியேற்றம் என்று எழுதினார். பேயும் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை. 1929 இல் ஜேர்மனியின் ஹான்ஸ் பேர்கர், தலையில் கம்பிகளைப் பொருத்தி மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்த முடிவுகளை வெளியிட்டார். இன்று "ஈஈஜி எடுக்க வேணும்" என்று துண்டு எழுதித் தருகிறார்களே, அதன் ஆரம்பம் அது.

அடுத்த மருந்து 1912 இல் வந்தது. ஜேர்மனியின் பிரைபேர்க்கில் அல்பிரட் ஹௌப்ட்மான் என்ற இளம் வைத்தியர், வலிப்பு நோயாளரின் வார்ட்டுக்கு மேலேயே குடியிருந்தார். இரவில் நோயாளர் விழும் சத்தத்தில் அவருக்கு நித்திரை இல்லை. பேயர் கம்பனி புதிதாக விற்ற லுமினால் என்ற நித்திரைக் குளிசையைக் கொடுத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். நோயாளர் தூங்கினார்கள். அதோடு பகலில் வரும் வலிப்பும் குறைந்திருந்தது. அதுதான் பினோபாபிற்றோன். நூறு வருடம் கடந்தும் உலகெங்கும் பாவனையில் உள்ளது, மிக மலிவானது.

ஹௌப்ட்மான் யூதர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரை 1935 இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1938 நவம்பரில் பிடித்து டாஹவ் முகாமில் அடைத்தார்கள். பிறகு நாட்டைவிட்டுத் தப்பி அமெரிக்கா போய், 1948 இல் அங்கேயே காலமானார். எத்தனையோ ஆயிரம் பேரை விழாமல் காப்பாற்றிய மருந்தைத் தந்த மனிதனை, அவன் பிறந்த சமூகத்தைச் சொல்லி ஊரை விட்டுத் துரத்தினார்கள். 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பம் ஒன்றில் வந்தவன் நான். இந்தப் பந்தியை எழுதும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

1938 ஐ இந்தக் கதையின் திருப்பம் என்பேன். அதுவரை வைத்தியர்கள் நம்பியது ஒன்று: வலிப்பை நிறுத்த வேண்டுமென்றால் ஆளைத் தூங்கவைக்கத்தான் வேண்டும். பொஸ்டன் நகர வைத்தியசாலையில் ட்ரேசி பட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற இருவர் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். பூனைகளுக்கு அளவாக மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவைப்பது, பிறகு ஒரு மருந்தைக் கொடுத்து, வலிப்பு வர எவ்வளவு கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பது. இதற்கான கருவியின் ஒரு பகுதி, முதலாம் உலகப் போர்க்கால ஜேர்மன் விமானம் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தது என்று பட்னமே பின்னர் சொல்லியிருக்கிறார். (பழைய இரும்பில் வேலை பார்ப்பதை யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!) நூற்றுக்கணக்கான இரசாயனங்களைச் சோதித்தார்கள். பார்க்-டேவிஸ் கம்பனி அனுப்பியவற்றில் ஒன்று, 1908 இலேயே ஜேர்மனியில் பில்ற்ஸ் என்பவர் உருவாக்கிய பொருள். நித்திரை வரவைக்கவில்லை என்பதால் பயனில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதுதான் பெனிற்றோயின். பூனைக்கும் வலிப்பு வரவில்லை, பூனை தூங்கவும் இல்லை. 1938 இல் மனிதரில் கிடைத்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஆளை மந்தமாக்காமல் வலிப்பை அடக்கலாம் என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது. பெனிற்றோயினுக்கும் குறைகள் உண்டு. முரசு வீங்கும், அளவு கூடினால் தள்ளாட்டம் வரும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1953 இல் சுவிற்சர்லாந்தின் கைகி கம்பனியில் ஷின்ட்லர் காபமசப்பீனை உருவாக்கினார். டெக்ரெற்றோல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வல்புரோவேற்றின் கதை இன்னும் விசித்திரம். 1882 இல் உருவாக்கப்பட்ட வல்புரோயிக் அமிலம், எண்பது ஆண்டுகளாக மற்ற மருந்துகளைக் கரைக்கும் திரவமாக மட்டுமே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிளில் பியேர் எய்மார் என்ற மாணவர், எகிப்தியர் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்திய கெல்லாச் செடியின் சத்தை ஒட்டிய பொருள்களைச் செய்து, இதில் கரைத்துச் சோதித்தார். எந்தப் பொருளைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. கடைசியில் பார்த்தால், வேலை செய்தது கரைத்த பொருள் அல்ல, கரைத்த திரவம்! 1967 இல் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1990களிலிருந்து லமோற்றிஜின், லெவெற்றிரசிற்றம் என்று புதிய பரம்பரை.

இவை உள்ளே போய் என்ன செய்கின்றன? தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இது இலேசில் விளங்கும். நரம்புக்கலத்தின் மென்சவ்வில் சிறு சிறு மடைகள் இருக்கின்றன. சோடியம் மடை திறந்தால் அயன்கள் உள்ளே பாய்ந்து கணத்தாக்கம் ஓடும். உடனே மடை மூடிக்கொண்டு, அடுத்த முறை திறக்கச் சிறிது நேரம் எடுக்கும். வலிப்பு என்பது ஒரு பகுதியின் மடைகள் எல்லாம் ஓயாமல், ஒரே நேரத்தில் திறந்து திறந்து வரம்பை உடைத்துக்கொண்டு பாய்வது. பெனிற்றோயின், காபமசப்பீன், லமோற்றிஜின் மூன்றும், மூடிய சோடியம் மடையை இன்னும் கொஞ்ச நேரம் மூடியே பிடித்திருக்கின்றன. சாதாரண வேகத்தில் வேலை செய்யும் கலத்துக்கு இதனால் பெரிய தடை இல்லை. வெறிபிடித்தாற்போல் அடிக்கும் கலம்தான் அகப்படும். ஆள் தூங்காமல் வலிப்பு மட்டும் அடங்கும் இரகசியம் இதுதான்.

பினோபாபிற்றோன் வேறு வழி. மூளையில் காபா என்ற அடக்கும் இரசாயனம் உண்டு. அது குளோரைட் மடையைத் திறந்து கலத்தை அமைதிப்படுத்தும். பினோபாபிற்றோன் அந்த மடை திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து பிரேக் பிடிப்பதால்தான் தூக்கமும் கூட வருகிறது. லெவெற்றிரசிற்றம், நரம்பு முனையில் இரசாயனத்தைச் சுமக்கும் நுண்பைகளில் உள்ள ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. வல்புரோவேற் பல இடங்களில் கைவைக்கும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பது அல்ல. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை சில விநாடி எங்கேயோ வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். ஒரு நாளைக்குப் பல தடவை. நாங்கள் "கவனமில்லை" என்று பேசுவோம். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு 1950களின் கடைசியில் வந்த எதோசக்சிமைட் போன்ற தனி மருந்து உண்டு. அது ஒருவகைக் கல்சியம் மடையை அடக்குவது. பெரிய வலிப்புக்கு நல்லதான காபமசப்பீன் இந்த வகையைக் கூட்டியும் விடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் வந்த குளிசையை எங்கள் பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த மருந்துகள் வலிப்புக்கு மட்டும் உரியனவும் அல்ல. முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற நரம்பு வலிக்குக் காபமசப்பீன் கொடுப்பார்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு வல்புரோவேற். ஒற்றைத் தலையிடிக்கும் அது உண்டு. கபபென்ரின் நரம்பு வலிக்கு. ஆகவே பாமசியில் ஒருவர் கையில் மருந்துப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டைக்கு வலிப்பாம்" என்று கலியாணம் குழப்புகிறவர்கள், தங்களுக்கு என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டும். சட்டங்களே நேற்றுவரை அப்படித்தான் இருந்தன. இங்கிலாந்தில் வலிப்புள்ளவர் திருமணத்துக்கான தடை 1970 இல்தான் நீங்கியது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லை எடுத்தது 1999 இல்.

இந்த மருந்துகள் நோயை வேரோடு பிடுங்குவதில்லை. குடிக்கும் வரைக்கும் வலிப்பை அடக்கிவைக்கின்றன. அதுவே பெரிய காரியம். உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்றும், சரியாக இனங்கண்டு மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் முன்பை விட மோசமாக வரும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் தொடரும் வலிப்பு உயிரையே எடுக்கும்.

எங்கள் குடாநாட்டில் மருந்து நின்றுபோன காலங்களுக்குக் குறைவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் மருந்தும் அளந்துதான் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் இங்கே வடமராட்சிக்கும் வந்தது. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்னர், அதே ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் புறப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2022 இல் நாடே மருந்தில்லாமல் நின்றது. ஒவ்வொரு முறையும் காணி போனதையும் நகை போனதையும் எழுதினோம். தலைமாட்டில் இருந்த குளிசைப் பையை எடுக்க மறந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்த வழிகளில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள், எத்தனை பேர் எழும்பாமல் போயிருப்பார்கள்? தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

இன்று தடையும் இல்லை, பாதையும் திறந்திருக்கிறது. மந்திகையில் கிளினிக் இருக்கிறது, குளிசை இலவசம். கையில் இருக்கும் குளிசையை இன்று நாங்களே நிற்பாட்டுவது எனக்குத் தாங்கவில்லை. பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றி வைத்தியர் யோசிப்பார். அதையும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். மந்தமாக இருக்கிறது, பரு வருகிறது என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவை மாற்றலாம். 1857 இல் இருந்தது ஒரு புரோமைட். இன்று இருபதுக்கு மேல் இருக்கிறது. தோலில் கொப்புளம் போட்டால் மட்டும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள்.

வல்புரோவேற் குடிக்கும் பெண்கள், கலியாணத்துக்கு முன்பே வைத்தியரோடு கதைக்க வேண்டும். கர்ப்பத்தில் அதைக் குடித்தால் ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். வளர்ச்சிப் பாதிப்பு அதைவிடக் கூட. நேரத்தோடு சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு. மறைத்துக் கலியாணம் செய்து, கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் குளிசையை எறிவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். சில மருந்துகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் என்று மாற்றித் தரலாம், சிலவற்றை முடியாது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பசியை விட நித்திரை முழிப்புத்தான் வலிப்பை இழுத்து வரும்.

கண்முன்னே ஒருவர் விழுந்தால்: கையில் இரும்பு, திறப்புக் கொடுக்க ஓட வேண்டாம். அது நிற்பது இரும்பாலல்ல, பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். அமத்திப் பிடிக்காதீர்கள். தலைக்குக் கீழே மெதுவாக ஏதாவது வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, துடிப்பு அடங்கியதும் ஒருபக்கம் சரித்துப் படுக்கவிடுங்கள். பெண்பிள்ளை என்றால் ஒரு சால்வையால் மூடிவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் போகச் சொல்லுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்று அறிவு வராமலே திரும்ப வந்தாலோ, உடனே இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இலக்கம் 1990.